எடுக்க ஆளில்லாத குழாய்: மும்பை வார்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையில் இருக்கும்போதே ஒருவருக்குப் புதிதாகத் தொற்று வந்துவிட்டால், எல்லோரும் முதலில் கேட்பது "என்ன கிருமி?" என்றுதான். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அதற்குப் பதில் சொல்வதே என் பிழைப்பு. ஆனால் இந்த நிகழ்வில் கிருமியின் பெயர் தெரிந்த பிறகும் பெரிதாக எதுவும் விளங்கிவிடவில்லை. நான்காம் நாளே வேலை முடிந்துபோன சிறுநீர்க் குழாய், ஒன்பதாம் நாள் இரவு வரை அந்த மனிதரின் உடம்பில் ஏன் கிடந்தது என்பதுதான் விளங்க வேண்டியிருந்தது. குடும்பத்தாரின் இசைவோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி 66 வயதுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் மும்பைக்கு வந்தவர். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் வீடு. விடியுமுன் இட்லி அவித்து மகன்களிடம் கொடுத்தனுப்பும் தொழில். நீரிழிவு உண்டு. புராஸ்டேட் சற்றுப் பெரிதாகி, இரவில் இரண்டு முறை எழுந்து போகும் பழக்கமும் இருந்தது. ஜூலை மழையில் சந்து முழுக்கத் தண்ணீர் நின்றபோது, வெடித்த குதிகாலோடு அதில் நடந்திருக்கிறார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, சிவந்த கண்கள், மஞ்சள் காமாலை. மும்பையில் மழைக்காலத்தில் இந்த நான்கும் சேர்ந்து வந்தால், பரிசோதனை முடிவு வருமுன்பே எலிக்காய்ச்சல் என்று வைத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள். அப்படித்தான் தொடங்கினார்கள், பிறகு பரிசோதனையும் அதையே சொன்னது. சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 4.3. முந்தைய 24 மணி நேரத்தில் வந்த சிறுநீர் 300 மில்லிகூட இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அன்றே 16 அளவுள்ள ஃபோலி கதீட்டர், அதாவது சிறுநீர்ப்பைக்குள் உப்பும் பலூனால் நழுவாமல் நிற்கும் சிறுநீர்க் குழாய், போடப்பட்டது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் செயலிழந்து கிடக்கும் நோயாளிக்கு மணிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று பார்த்துத்தான் திரவத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் குழு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கதீட்டர் போடத் தகுந்த காரணங்களைச் சொல்கிறது. சிறுநீர் அடைத்துக்கொள்வது, கடும் நோயாளியின் சிறுநீரைத் துல்லியமாக அளக்க வேண்டியிருப்பது, சில வகை அறுவை சிகிச்சைகள், கட்டுப்பாடின்றிச் சிறுநீர் போகிறவருக்கு இடுப்பின் கீழ்ப்பகுதியில் ஆறாத புண் இருப்பது, எலும்பு முறிவு போன்றவற்றால் நெடுநாள் அசையாமல் கிடக்க வேண்டியிருப்பது, வாழ்வின் கடைசி நாட்களில் நோயாளியின் ஆறுதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கழிவறை தூரம் என்பதும், படுக்கை நனையும் என்பதும் அதில் இல்லை.

சிகிச்சை பலித்தது. நான்காம் நாள் சிறுநீர் இரண்டு லிட்டரைத் தாண்டியது, கிரியேட்டினின் 2.2க்கு இறங்கியது, இரத்த அழுத்தம் நிலைபெற்றது. அவரைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். மாற்றல் குறிப்பை நான் பலமுறை படித்துவிட்டேன். மருந்துகள், சர்க்கரை அளவு, உணவு, அடுத்த இரத்தப் பரிசோதனைக்கான தேதி எல்லாம் இருக்கின்றன. கதீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருக்கட்டும் என்றும் இல்லை, எடுக்கவும் என்றும் இல்லை.

இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான அதில், அமெரிக்க மருத்துவமனைகளில், தங்கள் நோயாளிகளில் யாருக்குக் கதீட்டர் இருக்கிறது என்று மருத்துவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். கதீட்டர் இருந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்டபோது, 28 விழுக்காடு பதில்கள் தவறாக இருந்தன. பயிற்சி மருத்துவர்களைவிட மூத்த மருத்துவர்கள்தான் கூடுதலாகத் தவறினார்கள். அவர்களில் 38 விழுக்காடு. போர்வைக்கு அடியில் இருப்பது கண்ணில் படாது. சலைன் பாட்டில் தலைக்கு மேலே தொங்குகிறது, தீர்ந்தால் யாராவது கத்துவார்கள். குழாயின் மறுமுனையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை கட்டிலுக்குக் கீழே சத்தமில்லாமல் நிரம்புகிறது.

வார்டில் நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நடந்ததைச் செவிலியர் குறிப்புகள், நோயாளியின் மனைவி, வார்டு உதவியாளர்கள் ஆகியோரிடமிருந்து திரட்டினேன். மும்பை மருத்துவமனைகளில் பெண் உதவியாளர்களை மௌசி என்றும் ஆண் உதவியாளர்களை மாமா என்றும் அழைப்பார்கள். மருத்துவரின் குறிப்பில் இல்லாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் வயிற்று ஸ்கேனுக்காக ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது, பையை அவருடைய தொடைகளுக்கு நடுவே வைத்துவிட்டார்கள். லிஃப்டுக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும் அந்தப் பை உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிட உயரத்தில் இருந்தது. பையில் தேங்கியது குழாய் வழியே திரும்ப உள்ளே போக இதைவிட வேறு ஏற்பாடு தேவையில்லை. ஆறாம் நாள் பை ஒழுகியது. இணைப்பைப் பிரித்து வேறு பை மாட்டினார்கள். குழாயைத் தொடையில் ஒட்டிவைக்கவே இல்லை, அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் அது இழுத்தது. ஏழாம் நாளிலிருந்து அவர் எழுந்து நடந்தார். ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு வார்டின் மறுகோடியிலிருந்த கழிவறைக்குத் தானே போய் மலம் கழித்துவிட்டு வந்தார். கழிவறை வரை நடக்கிறவருக்குச் சிறுநீர் கழிக்க ரப்பர் குழாய் எதற்கு என்று அந்த வார்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது அந்த ஜக். நான் நேரில் பார்த்தது. அரை லிட்டர் கோடு அழிந்துபோன நீல நிறப் பிளாஸ்டிக் ஜக் ஒன்று. மாலை ஆறு மணிக்கு மௌசி அதை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கட்டில்களுக்குப் போனார். குனிந்து, பையின் அடித் திறப்பை ஜக்கின் விளிம்பில் சாய்த்துத் திறந்தார், சிறுநீர் இறங்கியதும் மூடினார், கணக்கைச் சொன்னார், தொட்டியில் கொட்டிவிட்டு, அலசாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கையுறை அதே ஜோடி. ஆறு பைகள், ஒரே விளிம்பு. அந்த வரிசையில் நம் நோயாளிக்கு இரண்டு கட்டில் முன்னால், தண்டுவடத்தில் அடிபட்டு மாதக்கணக்காகக் கதீட்டரோடு இருக்கும் ஓர் இளைஞர் படுத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்ததை எங்கள் ஆய்வகமே அறிவித்திருந்தது. மௌசியைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஜக்.

கிருமி உள்ளே நுழைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பையிலிருந்தோ, பிரித்த இணைப்பிலிருந்தோ குழாயின் உட்புறமாக ஏறுவது ஒன்று; நோயாளியின் சொந்தத் தோலிலும் குடலிலும் உள்ள கிருமிகள் குழாயின் வெளிப்புறமாக ஊர்ந்து ஏறுவது மற்றொன்று. குழாயைப் போடும்போது எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும், நாளொன்றுக்கு 3 முதல் 7 விழுக்காடு பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகக் குடியேறுகிறது. ஒரு மாதம் இருந்தால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். குழாயின் மேல் கிருமிகள் பிசின் போன்ற படலத்தை உண்டாக்கி அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. ஆன்டிபயாட்டிக் அங்கே சரியாக எட்டுவதில்லை. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டுவதால், படிகங்கள் படிந்து குழாயே அடைத்துப்போகும்.

ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். 1930களில் ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் பலூன் வைத்த கதீட்டரை உருவாக்கிய பிறகும், நெடுங்காலம் குழாயின் மறுமுனையைத் திறந்த பாட்டிலில்தான் விட்டுவைத்தார்கள். நான்கு நாளில் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வந்துவிடும். குழாயையும் பையையும் மூடிய ஒரே அமைப்பாக வைத்தால் தொற்று குறையும் என்று குனினும் மெக்கார்மாக்கும் காட்டியது 1966இல். அதற்கும் முன்பிருந்த முறையை ஒரு நீல ஜக் மீட்டுக் கொண்டுவந்துவிட்டது.

ஏழாம் நாளில் இன்னொன்றும் நடந்தது. சிறுநீர் கலங்கலாக, நாற்றத்தோடு இருக்கிறது என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பையின் அடித் திறப்பிலிருந்து பிடித்த மாதிரி அது. சீழ் அணுக்கள் 30 முதல் 40. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்தன. முறையாக எடுத்த மாதிரியை மறுபடி அனுப்பும்படி எழுதி அனுப்பினோம். மறு மாதிரி வரவில்லை. அன்று அவருக்குக் காய்ச்சலும் இல்லை, அடிவயிற்று வலியும் இல்லை. ஆனாலும் சீழ் அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை தொடங்கப்பட்டது.

இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப்போவதில்லை. குழாய் உரசிக்கொண்டிருக்கும் சிறுநீர்ப்பையில் சீழ் அணுக்கள் இருக்கத்தான் செய்யும். கலங்கலும் நாற்றமும் தொற்றுக்குச் சான்றாகா. அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியக்கூடிய கருவிச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் தவிர ஏறக்குறைய மற்ற யாருக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கொடுத்தால், அந்த மருந்துக்கு அடங்கும் கிருமி சாகும். அடங்காதது இடம் பிடிக்கும். போதாக்குறைக்கு, லெவோஃப்ளாக்சசின் வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் முழுதாகத் தேறாதவர்களுக்கு, மனக்குழப்பத்தை உண்டாக்கக்கூடிய மருந்து.

எட்டாம் நாள் காலை ஒருவழியாக ஒரு மருத்துவர் கதீட்டரைக் கவனித்தார். எடுக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். "சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி கொடுத்த பிறகு எடுக்கவும்" என்று எழுதினார். குழாயை இடுக்கியால் மூடி, மூன்று மணிக்கு ஒருமுறை திறந்துவிடுவது; ஓரிரு நாள் இப்படிச் செய்தால் சிறுநீர்ப்பை பழையபடி வேலை செய்யப் பழகும் என்பது நம்பிக்கை. நம் மருத்துவமனைகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் சடங்கு இது. எடுப்பதற்கு முன் மூடிவைக்கத் தேவையில்லை என்று மேலே சொன்ன 2009 வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சில நாள் மட்டுமே கதீட்டர் இருந்த சிறுநீர்ப்பை எதையும் மறந்துவிடுவதில்லை.

ஒன்பதாம் நாள் இரவு எட்டு மணிக்குச் செவிலியர் பணி மாறியது. ஏழரைக்கு மூடிய இடுக்கி மூடியே இருந்தது. அன்று வார்டில் தரையிலும் பாய் விரித்து நோயாளிகள் படுத்திருந்தார்கள். டெங்குவும் மலேரியாவும் உச்சத்தில் இருந்த வாரம். பத்தரை மணிவாக்கில் அவர் அமைதியிழந்தார். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இட்லிப் பானை அடுப்பில் இருக்கிறது என்றார். அடிவயிறு கல்லாக இருந்ததை மனைவி தொட்டுப் பார்த்திருக்கிறார். செவிலியரைத் தேடிப் போய் அவர் திரும்பி வருவதற்குள், நோயாளி பலூன் உப்பியிருந்த நிலையிலேயே குழாயைப் பிடுங்கிவிட்டார். பத்து மில்லி நீர் நிறைந்த பலூன் சிறுநீர்ப் பாதை முழுவதையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. படுக்கை முழுக்க இரத்தம்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் அதே அளவில் இன்னொரு கதீட்டரை மூன்றாவது முயற்சியில் செலுத்தினார். அந்த நேரத்தில் சிறுநீரியல் மருத்துவரை அழைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் தனியாக நிற்கும் ஓர் இளைஞரிடம் இதைச் சொல்வது எளிது. கிருமி நிறைந்த சிறுநீர், கிழிந்த உட்சுவர், அதன் மேல் மீண்டும் ஒரு குழாய். கிருமி இரத்தத்தில் கலக்க இனித் தடை ஏது?

விடியற்காலை நான்கு மணிக்கு உடல் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், காய்ச்சல் 39.2 டிகிரி, நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 88/54. மழைக்கால மும்பையில் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் மலேரியாவைத்தான் முதலில் நினைப்பார்கள். அந்தப் பரிசோதனைகள் இல்லையென்று சொல்லிவிட்டன. இரத்தமும், புதுக் கதீட்டரின் மாதிரி எடுக்கும் துளையிலிருந்து சிறுநீரும் ஆய்வகத்துக்கு வந்தன. இரண்டிலும் கிளெப்சியெல்லா நிமோனியே, சிறுநீரில் மில்லிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கு அடங்கவில்லை, லெவோஃப்ளாக்சசினுக்கும் அடங்கவில்லை. எந்தெந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற பட்டியல், இரண்டு கட்டில் தள்ளியிருந்த இளைஞரின் பட்டியலோடு வரிக்கு வரி பொருந்தியது. ஒரே வழிவந்த கிருமி என்று மரபணுப் பரிசோதனை செய்தால்தான் அறுதியிட்டுச் சொல்ல முடியும். ஜக்கைப் பார்த்த எனக்கு அது தேவைப்படவில்லை.

மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கியது நல்லூழ். நம் நாட்டு மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லாவிடம் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. மறுபடியும் தீவிர சிகிச்சைப் பிரிவு. திரவம், இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து. சிறுநீரகம் தேறிவரும் நிலையில் அமிக்காசின் போன்ற மருந்துகளைத் தவிர்த்தார்கள். இறங்கியிருந்த கிரியேட்டினின் மீண்டும் 2.9க்கு ஏறியது. சிறுநீர்ப்பையில் உறைந்த இரத்தக் கட்டிகளைக் கழுவி எடுக்கச் சிறுநீரியல் மருத்துவர் மூவழிக் கதீட்டர் போட்டார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் தொடங்கி, பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். இந்த முறை இடுக்கிப் பயிற்சி எதுவும் இல்லை. நேரே எடுத்தார்கள், இரண்டு மணி நேரத்தில் தானே சிறுநீர் கழித்தார். கழித்த பிறகு ஸ்கேனில் மிச்சம் 60 மில்லி. மெரோபெனம் மொத்தம் ஏழு நாள். பதினெட்டாம் நாள் வீடு திரும்பினார். கதீட்டரை நான்காம் நாளே எடுத்திருந்தால் எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ போயிருப்பார்.

குழாய் உறுத்தியதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு அவரிடம் தமிழில் கேட்டேன். நாற்பது ஆண்டுகளாக மும்பையில் இந்தியில் வியாபாரம் செய்தவர். மொழி அவருக்குத் தடையில்லை. "பேத்தி வயசுப் பிள்ளைகளிடம் அந்த இடத்தைச் சொல்லி எப்படி ஐயா பேசுவது?" என்றார். மனைவி சொன்னது வேறு. "குழாய் இருக்கிற வரைக்கும் டாக்டர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எடுத்துவிட்டால் ராத்திரியில் அவரை அவ்வளவு தூரம் யார் கூட்டிக்கொண்டு போவது? ஆண்கள் வார்டில் என்னை இருக்க விடுவதே பெரிய காரியம்."

மனைவி கேட்டதுதான் முழு ஆய்விலும் எனக்குப் பயன்பட்ட கேள்வி. திரும்பப் போய் எண்ணிப் பார்த்தேன். வார்டில் ஆண்களுக்கான யூரினல் பாத்திரங்கள் நாலைந்துதான் இருந்தன, அவற்றிலும் சில ஓட்டை. கட்டிலருகே வைக்கும் கம்மோடு நாற்காலி ஒன்றுகூட இல்லை. இரவில் இரண்டு செவிலியர்கள். அந்த நிலையில் கதீட்டரை எடுப்பது என்றால் செவிலியருக்கு வேலை கூடும், நோயாளிக்கு வழுக்கி விழும் பயம் கூடும். எல்லோருக்கும் வசதி என்பதால்தான் அந்தக் குழாய் அங்கேயே இருந்தது.

எனவே தொற்றுத் தடுப்புக் குழுவில் நான் முதலில் கேட்டது கிருமிநாசினியோ, வெள்ளி பூசிய விலையுயர்ந்த கதீட்டரோ அல்ல. யூரினல்கள், மூன்று கம்மோடு நாற்காலிகள், ஒவ்வொரு கதீட்டர் நோயாளிக்கும் கட்டில் எண் எழுதிய தனி ஜக், பையை மாட்டக் கட்டில் கொக்கிகள். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஆனால் கொள்முதல் ஆனது.

அதைவிடக் கடினம், எடுக்கும் அதிகாரத்தைச் செவிலியரிடம் கொடுப்பது. தகுந்த காரணங்களின் பட்டியலில் ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால், மருத்துவரின் ஆணைக்குக் காத்திராமல் செவிலியரே கதீட்டரை எடுக்கலாம் என்று முன்மொழிந்தோம். நினைவூட்டலோ தானாக நிறுத்தும் ஆணையோ இருந்தால் இந்தத் தொற்று பாதிக்கு மேல், 52 விழுக்காடு குறைந்தது என்று 2010இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் தன் நோயாளிகளைத் தொடக் கூடாது என்றார். அவருடைய தயக்கத்தில் நியாயமும் இருந்தது: சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்தவர்களுக்குக் குழாயை எடுக்கும் நாள் வேறு கணக்கு. அவர்களை விலக்கி வைத்தோம். செவிலியர்களின் பயம் வேறு. "எடுத்த பிறகு சிறுநீர் வராவிட்டால் பழி எங்கள் மேல் வரும், டாக்டர்." அதற்கென்று ஒரு வழி எழுதிக் கொடுத்தோம். ஆறு மணி நேரம் வராவிட்டால், அல்லது அதற்கு முன்பே அடிவயிறு வலித்தால், ஸ்கேனில் அளவைப் பார்ப்பது; அதிகம் தேங்கியிருந்தால் ஒருமுறை மட்டும் மெல்லிய குழாய் விட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவது; மறுபடி ஒன்றைப் போட்டு உள்ளேயே விட்டுவைப்பது கடைசியில்தான். தன்னையறியாமல் சிறுநீர் போகிற, ஆனால் அடைப்பு இல்லாத ஆண்களுக்கு ஆணுறை வகைக் கதீட்டர். மாற்றல் குறிப்பில் கதீட்டருக்கென்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்பாமல் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து யாரையும் வார்டு ஏற்காது. இடுக்கிப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு மூலையில் அது நடந்துகொண்டிருந்தது.

தொற்றைத் தவிர மற்ற பாதிப்புகளை யாரும் எண்ணுவதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். குறுகிய காலக் கதீட்டர் போடப்பட்ட 2,076 நோயாளிகளைத் தொடர்ந்து விசாரித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அவர்களில் தொற்று சார்ந்த தொல்லையைச் சொன்னவர்கள் 10.5 விழுக்காடு; வலி, இரத்தம், அவசர உணர்வு, கசிவு போன்றவற்றைச் சொன்னவர்கள் 55.4 விழுக்காடு. நம் பதிவேட்டில் இந்தப் பெரியவர் பத்தாம் நாள் வந்த ஒரு கதீட்டர் தொற்று, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் இரவு நடந்ததற்கு அதில் இடமில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். சிறுநீர் நூலாக இறங்குகிறது, முக்கி நின்றால்தான் வருகிறது என்றார். சிறுநீர் வேகச் சோதனையில் நொடிக்கு 7 மில்லி. படத்தில் சிறுநீர்ப் பாதையின் நடுவே சிறிய சுருக்கம்: பலூன் கிழித்த இடம் தழும்பாகிக் குறுகியிருந்தது. உள்நோக்கிக் கருவி வழியே அதை வெட்டித் திறந்தார்கள். அதன் பிறகு சில நாள் கதீட்டர் வைக்க வேண்டியிருந்தது. குழாயைத் தொடையில் ஒட்டி, எடுக்கும் தேதியைப் பிளாஸ்திரியின் மேலேயே செவிலியர் எழுதியிருந்தார். அந்தத் தேதியில் எடுத்தார்கள். இப்போது நொடிக்கு 17 மில்லி. இந்த வகைச் சுருக்கம் மறுபடி வரக்கூடியது என்பதால் அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து.